திருநாளுக்குப் போனவர்

என் அன்பு மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யார் என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு கார்டு போட்டுச் சொல்லலாம். எனக்கு இப்போது பத்தொன்பது வயது. திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில், ஒரு வாழைப்பழக் கடைக்குப் பக்கத்தில், தகரப் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உட்கார்ந்து என்று சொல்வது பாதிதான் உண்மை. ஒரு வரி எழுதினால் எழுந்து நிற்கிறேன், பழக்கடைவரை நடக்கிறேன், திரும்பி வந்து அடுத்த வரி. துறையூர் பஸ் இரண்டு போய்விட்டது. ஏறத்தான் வந்தேன், ஏறவில்லை. இரண்டாவது பஸ்ஸின் கண்டக்டர், "தம்பி, ஏறுறதுன்னா ஏறு. இல்லேன்னா பெட்டியை மட்டும் ஏத்திவிடு, அதாவது ஊர் போய்ச் சேரட்டும்" என்று சொல்லிவிட்டு விசிலடித்தார்.

அப்பாமார் மகனுக்குக் கடிதம் எழுதுவது வழக்கமாகத் தலை நரைத்த பிறகுதான். அதற்குள் தாங்கள் செய்த கோளாறெல்லாம் மறந்துபோய், புத்திமதி மட்டும் மிச்சமிருக்கும். நான் கோளாறு சூடாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். நீ பெரியவனாகி, கல்யாணமோ வேலையோ என்று வீட்டைவிட்டுக் கிளம்புகிற நாளில் இதைப் படி. அன்றைக்கு நான் உன்னிடம் வேறு மாதிரி பேசினால் அந்த நரைத்த ஆளை நம்பாதே, இந்தப் பெட்டிமேல் இருப்பவனை நம்பு.

உன் தாத்தா துறையூரில் வெங்காய மண்டி வைத்திருக்கிறார். நான் பத்திரிகைப் படிப்பு படிக்கப் போகிறேன் என்றதும், "பத்திரிகையை எதுக்குப் படிச்சுப் படிக்கணும்? காசு கொடுத்து வாங்கினா எல்லாரும் படிக்கலாமே" என்றார். எனக்குச் சொல்விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். எங்கள் படிப்பில் மூன்றாவது வருடம் வகுப்பே கிடையாது. ஒரு பத்திரிகை ஆபீசில் வருடம் முழுவதும் வேலை பார்க்க வேண்டும். அங்கிருக்கும் எடிட்டர் சான்றிதழ் தந்தால்தான் தேர்ச்சி. எனக்குக் கிடைத்தது திருச்சியிலேயே ஒரு தினசரி. உன் தாத்தா ஒப்பந்தம் போட்டார்: "ஒரு வருஷம். சர்ட்டிபிகேட்டோட வந்தா மேற்கொண்டு பேசுவோம். அவங்க துரத்தி வெறுங்கையோட வந்தே, மண்டிதான்." மண்டியில் உட்கார், இல்லாவிட்டால் என் முன்னால் மண்டியிடு என்பது அதற்கு அர்த்தம். சொல்லிவிட்டு, "சரி, போ" என்றார். போயிட்டு வா என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் அன்றைக்கு என் காதில் விழவில்லை.

ஆபீசில் முதல் மாதம் எனக்குக் கொடுத்த வேலை மார்க்கெட் நிலவரம். வெங்காயத்திடமிருந்து தப்பித்து வந்தவன் தினமும் வெங்காய விலை எழுதினேன். பிறகு உள்ளூர்ச் செய்திகளுக்கு உயர்ந்தேன். டெலிபிரிண்டர் டகடகவென்று தில்லியையும் லண்டனையும் கொட்டிக்கொண்டிருக்கும். எனக்கு வருவது லால்குடியில் மாட்டுச் சந்தை, உறையூரில் சைக்கிள் திருட்டு. ஆனால் ஒன்று சொல்கிறேன். சாயங்காலம் நான் பென்சிலால் எழுதினது காலையில் டீக்கடை பெஞ்சில் யாரோ ஒருவர் கையில் விரிந்திருப்பதை முதல் தடவை பார்த்தபோது, அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் அதை மடித்து பெஞ்சு ஈரத்தைத் துடைத்தார். அப்போதும் கோபம் வரவில்லை. இந்தப் பிழைப்புதான் எனக்கு என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பிழைப்பு என்ற சொல்லுக்குள்ளேயே பிழை இருப்பதை அப்போது கவனித்திருக்க வேண்டும்.

கூடவே என் வாலும் வளர்ந்தது. எடிட்டர் அறை வாசலில் 'ஆசிரியர் அறை' என்று பலகை தொங்கும். அதன்கீழே ஒரு நாள் சாக்பீஸால் 'வாங்குவோர் வரிசையில் நிற்கவும்' என்று எழுதிவைத்தேன். அன்றைக்கு ஆபீசே சிரித்தது, எடிட்டர் நீங்கலாக. அவர் என்னைக் கூப்பிட்டு, "டேய், அடுத்த தடவை வரிசையில நீ முதல் ஆளு" என்றார். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், மூக்குப்பொடிக் கறை படிந்த கதர் சட்டை, சிரித்தால் வரி தவறிவிடும் என்று பயப்படுகிற முகம். கெட்டவர் இல்லை. ஆனால் அன்று முதல் ஆபீசில் எது மாறியிருந்தாலும், எது காணாமல் போனாலும் என் பெயர்தான். கடிகாரம் நின்றாலும் நான்தான் நிறுத்தினேன்.

இப்போது ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், மகனே. ஸ்ரீரங்கத்து வைஷ்ணவர்கள் செத்துப்போனார் என்று சொல்ல மாட்டார்கள். பெரியவர் ஒருவர் காலமானால் 'திருநாட்டுக்கு எழுந்தருளினார்' என்பார்கள். திருநாடு என்றால் வைகுண்டம். துறையூர்க்காரனுக்கு இது எப்படித் தெரியும்? நான் சேர்ந்த மூன்றாம் மாதம் அப்படி ஒரு செய்தி வந்தபோது, ஏதோ ஊருக்கு யாத்திரை கிளம்பியிருக்கிறார் என்று நினைத்து, 'பக்தர்கள் மலர் தூவி வழியனுப்பினர்' என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்து எழுதிக்கொடுத்தேன். அச்சுக்குப் போகுமுன் பிடித்துவிட்டார்கள். ஒரு வாரம் ஆபீசில் என்னைப் பார்த்தவரெல்லாம், "என்ன தம்பி, திருநாட்டுக்கு எந்த பஸ்? ரிட்டர்ன் டிக்கெட் உண்டா?" என்று கேட்டார்கள். கேலி செய்கிறவனுக்குக் கேலி தாங்காது. அந்தச் சொல்லை இனி ஏழு ஜென்மத்துக்கும் தப்பவிடுவதில்லை என்று சபதமெடுத்தேன்.

சபதம் நிறைவேறியது, அதுதான் கஷ்டம். எங்கள் ஸ்ரீரங்கம் நிருபர் வரதன் தினமும் சாயங்காலம் தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்து மருந்துக் கடையிலிருந்து டெலிபோனில் செய்தி சொல்லுவார். கடை வாசலில்தான் பஸ் நிற்கும். பாதி வரதன் குரல், பாதி பஸ் குரல். சென்ற வாரம் ஒரு நாள் அவர் சொன்னார்: "எழுதிக்கோ. நம்ம உபன்யாசகர் சம்பத் ஸ்வாமி, திருவெள்ளறைத் திருநாளுக்கு எழுந்தருளியிருக்கார். நாளைய உபன்யாசம் கிடையாது." திருநாள் என்றால் கோயில் உற்சவம் என்பது உனக்குத் தெரியும். திருவெள்ளறையை பஸ் விழுங்கிவிட்டது. மிச்சம் என் காதுக்கு வந்து சேர்ந்தது: சம்பத் ஸ்வாமி திருநாட்டுக்கு எழுந்தருளினார். உபன்யாசம் வேறு கிடையாது என்கிறார். கிடையாதுதானே? இறந்தவர் எப்படி உபன்யாசம் செய்வார்? கணக்கு அழகாகப் பொருந்தியது. இந்தத் தடவை யாரும் என்னைத் திருத்த வேண்டியதில்லை என்ற கர்வத்தோடு எழுதிக்கொடுத்தேன். உள்ளூர்ப் பக்கம் கடைசி நேரத்தில் முடிகிற பக்கம், அப்படியே ஏறிவிட்டது.

மறுநாள் காலை நான் ஆபீசுக்குள் நுழைந்ததும் டெலிபோன், தந்தி, வாசலில் நாமம் போட்ட நாலு பேர் எல்லாம் ஒன்றாக எதிர்ப்பட்டன. சம்பத் ஸ்வாமி திருவெள்ளறையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கையில் யாரோ பத்திரிகையைக் காட்டியிருக்கிறார்கள். எடிட்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். அறை வாசகம் நினைவுக்கு வந்தது.

"உயிரோட இருக்கிற மனுஷனைக் கொன்னு விளையாடுறியா?"

"இல்லைங்க, தெரியாமப் போட்டுட்டேங்க. காதுல அப்படித்தாங்க விழுந்துச்சு."

"உனக்கா தெரியாது? ஒரு சொல்லை நாலு விதமாத் திருப்பறவன் நீ. திருநாட்டுக்கும் திருநாளுக்கும் வித்தியாசம் உனக்குத் தெரியாது? இதை நான் நம்பணும்?"

அவர் நம்பவில்லை. ஆபீசில் ஒருவருமே நம்பவில்லை. சிலர் முதுகில் தட்டி, "உன் துணிச்சலே துணிச்சல்ப்பா" என்றார்கள். அதுதான் இன்னும் கொடுமை. அச்சகம் என்ற சொல்லில் அச்சம் ஒளிந்திருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எடிட்டர் உத்தரவு போட்டார்: "ஸ்ரீரங்கம் போய் அவர் கால்ல விழு. வந்து திருத்தம் எழுது. நாளைக் காலைப் பேப்பர்ல வரணும். வரலேன்னா சர்ட்டிபிகேட்டை மறந்துடு. போ." இவரும் போ என்றுதான் சொன்னார்.

சம்பத் ஸ்வாமி வீட்டு வாசலில் வெயிலில் வாடிய மாலைகள் ஒரு ஓரத்தில் குவிந்துகிடந்தன. அழ வந்தவர்கள் அரட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். திருவெள்ளறையிலிருந்து அவசரமாகத் திரும்பியிருந்த ஸ்வாமி கூடத்தில் ஊஞ்சலில் இருந்தார். ஐம்பத்தைந்து வயது, சிவந்த மேனி, கண்ணைப் பறிக்கிற நாமம். நான் விழுந்து எழுந்தேன்.

"நீதானா? வாடாப்பா. நான் பரமபதிச்ச சேதியை எனக்கு முன்னாலேயே தெரிஞ்சிண்ட மகானுபாவன்! ஏண்டா, நாலு வரிதானா நான்? முப்பது வருஷமா உபன்யாசம் பண்றேன். நாலு வரி! அதுவும் பல்பொடி விளம்பரத்துக்குக் கீழே!"

அவருக்கு வருத்தம் செத்ததில் இல்லை, இடம் போதாததில் என்று புரிந்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "திருத்தம் பெரிசாப் போடச் சொல்றேங்க" என்றேன். "என் பேர் கொட்டை எழுத்துல வரணும். பூர்ண ஆரோக்கியத்தோட இருக்கார்னு வரணும். பேப்பரை நீயே கொண்டுவந்து காட்டணும்" என்றார். தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

வாசலில் அவர் பெண் கோமளா என்னை நிறுத்தினாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். கண் வீங்கியிருந்தது. கும்பகோணத்தில் மாமனார் வீடு. என் நாலு வரியைப் படித்துவிட்டு, கிடைத்த பஸ்ஸில் அழுதுகொண்டே வந்திருக்கிறாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையமர்த்தினாள்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளுங்கோ. அந்தத் திருத்தம் நாளைக்கே வரணுமா? நாலு நாள் கழிச்சுப் போடப்படாதா?"

எனக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள். அவள் கல்யாணத்தில் சம்பந்தி, அதாவது அவள் மாமனார், சபையில் ஒரு ஸ்லோகம் சொல்லியிருக்கிறார். அதில் ஓர் எழுத்து பிசகு. சம்பத் ஸ்வாமிக்குப் பொறுக்குமா? எல்லோர் முன்னிலையிலும் திருத்தினார். அன்றைக்கு மூடிய கதவு. இரண்டு வருடமாக மாமனார் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. சாவுச் செய்தி வந்ததும்தான், கிளம்பு என்று சொல்லியிருக்கிறார். "அப்பா இருக்கார்னு பேப்பர்ல வந்த உடனே ஆள் வந்துடும், அழைச்சிண்டு போக. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அப்பாவைப் பார்க்கறேன். அவர் உயிரோட இருக்கார். பார்க்க நாலு நாளாவது வேண்டாமா? நீங்க பண்ணின தப்புலதான் நான் வந்தேன். இன்னும் கொஞ்சம் தப்புப் பண்ணுங்கோ."

இதை என்ன செய்வாய் நீ? ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். பாலத்தின் பாதியில் மனசு மாறி இறங்கினேன். காவிரியைப் பார்த்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். திருத்தம் வராவிட்டால் சான்றிதழ் இல்லை, வாழ்நாளெல்லாம் வெங்காயம். வந்தால் அந்தப் பெண்ணின் கண்ணில் என்னால்தான் மறுபடியும் தண்ணீர், வெங்காயம் இல்லாமலேயே. பொய் எழுதக் கூடாது. உண்மையை எழுதினால் உடனே தெரிந்துவிடும். இப்படியே நடந்து நடந்து ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டேன், பாதை நினைவில்லை. படியேறும்போதுதான் எங்கள் பத்திரிகையில் திருத்தம் போடுகிற வழக்கமான பாணி நினைவுக்கு வந்தது. அதே பாணியில், ஒரு சொல் கூட்டாமல் எழுதினேன்:

'நேற்றைய இதழில் உள்ளூர்ப் பக்கத்தில் வெளியான செய்தி ஒன்றில் "திருநாட்டுக்கு" என்பதைத் "திருநாளுக்கு" எனத் திருத்தி வாசிக்கவும்.'

அவ்வளவுதான். யார் இறந்தார், யார் பிழைத்தார், ஒன்றும் கிடையாது. ஆனால் ஓர் எழுத்தும் பொய்யில்லை. பழைய பேப்பரை எடுத்துவைத்துத் தேடினால் தவிர, எவருக்கும் விளங்காது. பழைய பேப்பரில் வடை மடித்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். எடிட்டர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

காலையில் பேப்பரோடு ஸ்ரீரங்கம் போனேன். ஸ்வாமி படித்துவிட்டு ஊஞ்சலை நிறுத்தினார். "என் பேர் எங்கேடா? நேத்திக்குச் சாகடிக்கறச்சே பேர் இருந்தது, இன்னிக்குப் பிழைக்கறச்சே இல்லையே!" கோமளா தூணுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸ்வாமி என்னை விடவில்லை. முழு நீள மறுப்பு ஒன்றைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். தமது பூர்வீகத்திலிருந்து தொடங்கினார். சாப்பாட்டு வேளைவரை கொள்ளுத் தாத்தாவைத் தாண்டவில்லை.

அப்போது வாசலில் ஜட்கா வந்து நின்றது. இறங்கியவர் கும்பகோணத்துச் சம்பந்தி. குள்ளமான, விறைப்பான மனிதர். கையில் இரண்டு பேப்பர், நேற்றையதும் இன்றையதும். கோமளா உள்ளே போய்ப் பையை எடுத்து வந்து வாசற்படி ஓரம் வைத்தாள்.

"வரணும்" என்றார் ஸ்வாமி.

"திருத்தம் பார்த்தேன்" என்றார் சம்பந்தி. "பிழை கண்டுபிடிக்கறது உமக்கு மட்டும்தான் வரும்னு நினைச்சீரா? இரண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். ஒரு க்ஷணம் ஆகலை." நேற்றைய பேப்பரை விரித்து, மடித்து, மறுபடி விரித்தார். "நேத்திக்கு இதைப் படிச்சதும்... அன்னிக்குச் சபையில நடந்ததுக்கு இரண்டு வருஷம் அதிகமோன்னு தோணித்து. அதைச் சொல்றதுக்கு ஆள் இல்லாமப் போச்சேன்னும் தோணித்து. இன்னிக்கு இதைப் பார்த்ததும் ஆத்திரமா வந்தது. அழைச்சிண்டு போயிடலாம்னுதான் கிளம்பினேன்." பையைப் பார்த்தார். கோமளாவைப் பார்த்தார். "ஆனா திருநாளுக்குன்னு அச்சாயிருக்கே. இருக்கட்டும். உஸ்தவம் முடியட்டும். அப்புறம் வரட்டும்."

உஸ்தவம் என்றார், மகனே. உற்சவமும் இல்லை, உத்ஸவமும் இல்லை. ஸ்வாமியின் உதடு துடித்தது. முப்பது வருடப் பழக்கம் தொண்டைக்குழிவரை வந்து நிற்பதை நான் கண்ணால் பார்த்தேன். கோமளா, "அப்பா" என்றாள், மெதுவாக. ஸ்வாமி எச்சிலை விழுங்கினார்.

"ஆமாம் ஆமாம்" என்றார். "உஸ்தவம் முடியட்டும். உஸ்தவம்தானே முக்கியம்."

சம்பந்திக்குத் தெரிந்ததோ என்னவோ, மூக்குக்குக் கீழே ஒரு சின்னச் சிரிப்பு ஓடி மறைந்தது. நான் எழுதிய மறுப்பை ஸ்வாமி என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, ஊஞ்சல் பலகைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

ஆபீசுக்குத் திரும்பியதும் எடிட்டர் கூப்பிட்டார். கும்பகோணத்துக் கதை வரதன் மூலமாக எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. "அந்தத் திருத்தத்துல பேர் இல்லையே, அது மறதியா?" என்று கேட்டார். ஆமாங்க மறதிதாங்க என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இரண்டே வாரம் பாக்கி, சான்றிதழ் மேஜைமேல் இருக்கிறது. வாயில் அந்தப் பதில் தயாராகவும் இருந்தது. ஆனால் ஊஞ்சலில் அந்த மனிதர் விழுங்கிய எச்சில் கண்முன்னால் நின்றது.

"இல்லைங்க. தெரிஞ்சுதாங்க செஞ்சேன். அந்தப் பொண்ணுக்காக."

"முந்தா நாள் செஞ்சது?"

"அது தெரியாமங்க."

அவர் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டினார். "இன்னிக்குத் தெரிஞ்சு செஞ்சேன்னு சொன்னதாலதான், அன்னிக்குத் தெரியாம செஞ்சேன்னு சொன்னதை இப்ப நம்பறேன்" என்றார். அவர் விடவில்லை: "ஆனா படிக்கிறவனுக்குப் புரியாத திருத்தம் திருத்தமே இல்லை. பேரோட, தெளிவா, இன்னொண்ணு உஸ்தவம் முடிஞ்ச மறுநாள் வரும். நீதான் எழுதணும். அதுவரைக்கும் ஆபீஸ் பக்கம் தலைகாட்டாதே. ஊருக்குப் போ." நான் கதவுவரை போனேன். பின்னாலிருந்து குரல் வந்தது, தலை நிமிராமலே. "டேய். போயிட்டு வா."

சிரிக்காதே. ஒரு வருடத்தில் அந்த ஆபீசில் நான் கற்ற தமிழ் எல்லாவற்றையும் தராசில் வைத்தாலும் அந்த 'வா'வுக்கு ஈடாகாது. திருநாட்டுக்குப் போகிறவருக்கு யாரும் போயிட்டு வா என்று சொல்வதில்லை. திருநாளுக்குப் போகிறவருக்குத்தான் சொல்வார்கள். எனக்கும் அந்தப் பத்திரிகைக்கும் நடுவில் இருந்த ஓர் எழுத்தை அவர் திருத்திவிட்டார்.

இப்போது பாக்கி உன் தாத்தா. சான்றிதழ் வரும், ஆனால் மண்டிக்கு நான் வர மாட்டேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பஸ் பஸ்ஸாக விட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் கத்துவார். வெங்காயத்தைப் பற்றி நான் எழுதிய விலைகளை எல்லாம் கத்தரித்து மண்டிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார் என்று என் அம்மா போன மாதம் சொன்னாள். அதை நம்பித்தான் போகிறேன். திரும்பக் கிளம்பும்போது அவர் வாயிலிருந்து ஒரு சொல் வருமா, இரண்டு சொல் வருமா என்பதுதான் என் கால் தரையில் நிற்காததற்குக் காரணம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ பண்ணப்போகிற படிப்பு எனக்குப் பிடிக்காமல் இருக்கலாம். உன் வேலை எனக்கு விளங்காமல் இருக்கலாம். தெரியாமல் செய்ததைத் தெரிந்து செய்தாய் என்று நானே உன்னிடம் சாதிக்கலாம். சண்டை போடு, பரவாயில்லை. ஆனால் நீ பெட்டியோடு வாசலில் நிற்கும்போது நான் வெறும் 'போ' என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், நகராதே. இந்தக் கடிதத்தை என் மூக்குக்கு நேரே நீட்டு. இரண்டாவது சொல்லை வாங்கிக்கொண்டு கிளம்பு.

மூன்றாவது பஸ் வந்துவிட்டது. அதே கண்டக்டர், பெட்டியைப் பார்த்துச் சிரிக்கிறார். ஏறுகிறேன்.

போயிட்டு வரேன்டா.

உன் அப்பா
(ஆகப்போகிறவன்)